யாருக்குத் தெரியும் இந்த உலகம்?

மேசையைச் சுற்றி நாலைந்து பேர், ஆளுக்கொரு தாள், பென்சில், கொஞ்சம் பகடை. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். உலகத்தையும் அதில் வந்துபோகிற அத்தனை பேரையும் பேச்சிலேயே காட்டுவார். மற்றவர்கள் தலைக்கு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று இழுபறி வந்தால் பகடை. ஆர்.பி.ஜி. எனப்படும் இந்த ஆட்டம் 1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வழியாகப் பரவியது. இன்று அதன் ஐந்தாம் பதிப்புக்கான மூன்று மூல நூல்களை அடுக்கினால் ஏறத்தாழ ஆயிரம் பக்கம் வரும். இன்னொரு கோடியில், ஜான் ஹார்ப்பர் 2013ல் எழுதிய 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' மொத்தமே ஒரு பக்கம்.

இந்தக் குறைந்த விதிக் கூட்டத்துக்குள் ஒரு விசித்திரக் கிளை உண்டு. மந்திரவாதியும் எந்திர மனிதனும் ஒரே சத்திரத்தில் தங்குவார்கள், விண்கலம் கோயிலாகியிருக்கும், சூரியன் சாகக் கிடக்கும். அறிவியல் புனைவா மாயக்கதையா என்று கேட்டால் இரண்டும்தான். இந்த வகை ஆட்டங்களைப் புகழ்கிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, விதி குறைந்தால் கற்பனைக்கு இடம் கூடும் என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விதி குறைவும் விசித்திரமும் இயல்பில் ஒன்றுக்கொன்று ஆகாதவை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒரு பழைய கோட்டை. கல் படிக்கட்டில் எண்ணெயை ஊற்றிப் பற்றவைக்கிறேன் என்கிறார் ஆட்டக்காரர். இதற்கு விதி வேண்டாம். எண்ணெய் வழுக்கும், எரியும், கல் எரியாது. மேசையில் உள்ள எல்லாருக்கும் இது தெரியும். விதிப்புத்தகம் விட்ட இடத்தைப் பொது அறிவு நிரப்பிக்கொள்கிறது. இப்போது வேறொரு காட்சி: கதவு லேசாக முனகுகிறது, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது, வியர்வை நாற்றம். அதன் மேல் எண்ணெயை ஊற்றுகிறேன் என்றால்? யாருக்கும் தெரியாது. புத்தகமும் சொல்லாது, பொது அறிவும் கைகொடுக்காது. விதியைக் குறைத்தவர் எதை நம்பிக் குறைத்தாரோ அதையே விசித்திர உலகம் பிடுங்கிக்கொள்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்த ஆட்டங்களை எழுதியவர்கள் இந்த இடைவெளியை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

விதியைக் குறைக்கும் ஆசை ஐம்பதாண்டுப் பழையது அல்ல. அதற்கும் நூறாண்டு முந்தையது. 1824ல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் அச்சிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர்ப் பயிற்சி ஆட்டத்தில் அட்டவணைக்கு மேல் அட்டவணை. ஆட்டம் நகராது. பிற்பாடு ஃபெர்டி டு வெர்னுவா என்ற தளபதி 1876ல் எழுதிய நூலில் பகடையையும் அட்டவணையையும் தூக்கிப் போட்டுவிட்டு, நடுவர் சொல்வதே தீர்ப்பு என்றார். அது செல்லுபடியானதற்குக் காரணம் நடுவரின் அனுபவம். போர்க்களம் பார்த்தவர் அவர். குதிரைப்படை சேற்றில் எவ்வளவு வேகம் போகும் என்று அவரிடம் அட்டவணை சொல்ல வேண்டியதில்லை. சார்ல்ஸ் டாட்டன் 1880ல் எழுதிய 'ஸ்ட்ராட்டெகோஸ்' இந்த நடுவர் மரபை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி அதைப் படித்துவிட்டு 1969ல் 'பிரான்ஸ்டைன்' என்ற ஆட்டத்தை நடத்தினார். அந்த வட்டத்திலிருந்து வந்தவர்தான் ஆர்னசன். ஆக, "விதியை விட நடுவரின் தீர்ப்பு மேல்" என்று இன்றைய ஆர்வலர்கள் கொடி பிடிப்பது புதுமை அல்ல. பிரஷ்ய நடுவருக்குப் போர் தெரியும், அவ்வளவுதான். முனகுகிற கதவைப் பற்றி நம் நடுவருக்கு என்ன தெரியும்?

அறிவியலும் மாயமும் கலப்பதும் ஆரம்பத்திலேயே நடந்துவிட்டது. எட்கர் ரைஸ் பரோஸின் நாவல்களில் வரும் செவ்வாய்க் கிரக மிருகங்கள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1974 பதிப்பின் பட்டியலிலேயே இருந்தன. ஆர்னசன் 1975ல் வெளியிட்ட தவளைக் கோயில் சாகசத்தில் வேற்றுலக எந்திரங்கள் வந்தன. கைகாக்ஸின் 'எக்ஸ்பெடிஷன் டு தி பாரியர் பீக்ஸ்' 1980ல் அச்சானது. வாளும் கவசமுமாகக் குகைக்குள் போகிறவர்கள் விழுந்து நொறுங்கிய ஒரு விண்கலத்துக்குள் நுழைந்திருப்பார்கள். அதில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு. ஒரு கருவியைக் கையில் எடுத்தால் அது எதற்கு என்று கண்டுபிடிக்க, அம்புக்குறி போட்ட ஒரு வரைபடம் உண்டு. பகடை உருட்டி உருட்டி அதில் நகர வேண்டும். வழி தப்பினால் கருவி கையிலேயே வெடிக்கலாம். படத்தைக் காட்டியதுமே மேசையில் இருப்பவருக்கு அது லேசர் துப்பாக்கி என்று தெரிந்துவிடும். அவர் ஆடும் வீரனுக்குத்தான் தெரியாது. தெரிந்ததைத் தெரியாததுபோல் நடிக்கவைக்கிறது அந்த வரைபடம். ஜேம்ஸ் வார்டு எழுதிய 'மெட்டமார்ஃபோசிஸ் ஆல்ஃபா'வும் (1976) கேரி ஜாக்கெட்டோடு சேர்ந்து எழுதிய 'காமா வேர்ல்டு'ம் (1978) இதே தந்திரத்தில் ஓடியவை. முன்னதில், தாங்கள் வாழ்வது ஒரு பிரம்மாண்ட விண்கலத்துக்குள் என்பதையே அதன் குடிகள் மறந்திருப்பார்கள். இந்த ஏற்பாட்டில் பொது அறிவு கெடுவதில்லை, ஒளித்துவைக்கப்படுகிறது. சிரிப்புக்குக் குறைவில்லை, நிஜமான வியப்பு கிடைப்பது அரிது.

நேர் எதிர் வழியில் போனவர் எம்.ஏ.ஆர். பார்க்கர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியவியல் பேராசிரியர், உருது கற்பிக்கும் பாடநூல் எழுதியவர், இஸ்லாமைத் தழுவியவர். சின்ன வயதிலிருந்தே அவர் மனதில் கட்டிவந்த டெக்குமேல் என்ற உலகம், 1975ல் 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்ற ஆட்டமாக வந்தது. மனிதர்கள் வந்து குடியேறித் திருத்திய கிரகம் அது. திடீரென்று பிரபஞ்சத்திலிருந்து கழன்று தனியே போய்விடுகிறது. வானத்தில் நட்சத்திரமே இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து எஞ்சிய எந்திரங்கள் மந்திரப் பொருள்களாகப் பூஜிக்கப்படுகின்றன. இங்கிலாந்துக் கோட்டையும் நாற்சந்திச் சத்திரமும் அங்கே கிடையாது. நடு அமெரிக்காவும் இந்தியாவும் எகிப்தும் கலந்த சாயல். குலம், கோயில், மரியாதைச் சொல் எல்லாவற்றுக்கும் அங்கே முறை உண்டு. பேச்சுமொழிக்கு இலக்கணமே எழுதிவைத்தார். ஒரு மொழியியல் அறிஞர் விளையாட்டில் இறங்கினால் இப்படித்தான்.

அவ்வளவு தெரிந்தவர் எழுதிய உலகத்தில், ஒன்றுமே தெரியாத ஆட்டக்காரர் எப்படி ஆடுவது? பார்க்கரின் பதில் எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது. உங்கள் பாத்திரங்கள் படகில் வந்து ஜக்காலா துறைமுகத்தில் இறங்கும் பரதேசிகள். அந்நியர் குடியிருப்பில் அடைத்து வைக்கப்படுவார்கள். யாராவது வேலை கொடுத்தால்தான் வெளியே வரலாம். ஆட்டக்காரரின் அறியாமையும் பாத்திரத்தின் அறியாமையும் ஒன்றாகிவிடுகின்றன. தப்பாகக் கும்பிட்டால் தலை போகும். அதை நீங்களும் உங்கள் பாத்திரமும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்வீர்கள். பின்னால் வந்த பலர் டெக்குமேலை "படித்து முடிக்க முடியாத உலகம்" என்று ஓரங்கட்டியபோது இந்த ஏற்பாட்டைக் கவனிக்கவில்லை. ஒரு குறை உண்மைதான்: எல்லாம் தெரிந்தவர் பார்க்கர் ஒருவரே. அவர் மேசையில் விதிப்புத்தகம் திறக்க வேண்டிய தேவை குறைவு, அவரே புத்தகம். அவர் இல்லாத மேசையில் நடத்துபவர் தலையணை தலையணையாகப் படித்தாக வேண்டும்.

பார்க்கரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 1991ல் புனைபெயரில் வெளிவந்த ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் அவரே என்று, அவர் இறந்து பத்தாண்டு கழித்து 2022ல் டெக்குமேல் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த உலகத்துக்குள் மறுபடி போக மனம் வராதவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஆட்டங்களுக்குப் பின்னால் நிற்கும் புத்தகங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். சூரியன் அணையப்போகும் கடைசிக் காலத்தில் மந்திரவாதிகள் சில்லறைச் சண்டை போடும் ஜாக் வான்ஸின் 'தி டையிங் எர்த்' (1950). 1980 முதல் 1983 வரை நான்கு பாகங்களாக வந்த ஜீன் உல்ஃபின் 'தி புக் ஆஃப் தி நியூ சன்'. அதில் கதை சொல்பவன் தான் வளர்ந்த கோபுரத்தைப் பற்றிச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போவான், அது பழைய விண்கலம் என்று வாசகர்தான் புரிந்துகொள்ள வேண்டும். படக்கதையில் மோபியஸ்: 1970களின் நடுவில் பிரான்சின் 'மெத்தால் ஹுர்லான்' இதழில் அவர் வரைந்த 'அர்சாக்' கதைகளில் ஒரு வார்த்தை கிடையாது, ஒருவன் பறவை மாதிரி ஏதோவொன்றின் மேல் பறந்துகொண்டிருப்பான், அவ்வளவுதான். மோபியஸ் யாரோ என்று நினைக்க வேண்டாம். சிவகாசியின் லயன்-முத்து காமிக்ஸில் கேப்டன் டைகர் படித்து வளர்ந்தவர்களுக்கு அவர் கோடு நன்றாகவே பழக்கம். டைகரை வரைந்த ழான் ஜிரோவின் மறுபெயர் அது. மூவரிடமும் பொதுவானது விளக்கம் சொல்லாத திமிர்.

அந்தத் திமிரை ஆட்டமாக்கியதுதான் 'ட்ரோய்கா'. பிரிட்டனில் டேனியல் செல் எழுதி மெல்சோனியன் ஆர்ட்ஸ் கவுன்சில் வெளியிட்டது. இதன் எலும்புக்கூடு பழையது. ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் 1982ல் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்', வாசகரே நாயகனாகி 400 பத்திகளுக்கிடையே தாவித்தாவிப் படிக்கும் புத்தகம். பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் பைத்தியமாகத் திரிந்த தொடருக்கு அது தொடக்கம். திறமை, உடல்வலு, அதிர்ஷ்டம் என்று மூன்றே எண்கள். ட்ரோய்காவிலும் அதே மூன்று. இரண்டு ஆறுபக்கப் பகடை போதும். தாயக்கட்டை உருட்டத் தெரிந்தவருக்குப் பத்து நிமிடத்தில் விதி பிடிபடும்.

உயிர் இருப்பது 36 பின்னணிகளில். பகடையை இரண்டு முறை உருட்டினால் நீங்கள் யார் என்று தெரிந்துவிடும். உண்ணத் தகுந்த குரங்குகளை மேய்க்கிறவர். குரங்குகள் கூடவே வரும், சொல்பேச்சு கேட்காது. செத்தும் சாக மனமில்லாமல் தோலுக்குப் பதில் தாளைப் போர்த்திக்கொண்டு திரியும் சூனியக்காரி, மழை ஆகாது. தன் நாட்டுக்குத் திரும்பும் வழி தெரியாத அரசர். மட்டமாகச் செய்யப்பட்ட ஒரு குள்ளர். வழக்கை வாள்சண்டையில் முடிக்கும் யோங்கார்டி ஊர் வக்கீல். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பத்தி, கையில் இருக்கும் சாமான், சில திறன்கள். யோங்கார்டி எங்கே இருக்கிறது, அந்த நாடு ஏன் தொலைந்தது என்று புத்தகத்தின் எந்த மூலையிலும் இல்லை. உலக வரலாறு என்று ஓர் அத்தியாயமே கிடையாது.

முதலில் இது சோம்பேறித்தனம் என்றே எனக்குப் பட்டது. நண்பர்களோடு உட்கார்ந்து ஆடியபோதுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தது. புத்தகத்தோடு வரும் முதல் சாகசம் ஒரு ஹோட்டலில் நடக்கிறது. ஆறாவது மாடியில் எல்லாருக்கும் சேர்த்து ஓர் அறை. லிப்ட்டில் போவதா படியேறுவதா என்பதுதான் பெரிய முடிவு. கதை அவ்வளவே: அறைக்குப் போய்ச் சேர்வது. எங்கள் ஆட்கள் லிப்ட்டில் ஏறினார்கள். நெரிசலில் தகராறு. வக்கீலாக ஆடியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணா, யோங்கார்டி கோர்ட்டு தீர்ப்பு இந்த ஊர்ல செல்லுமா?"

"நீங்கதானே வக்கீல்? நீங்களே சொல்லுங்க."

ஒரு நிமிடம் யோசித்தார். "செல்லும். ஆனா எதிராளி கையில ஆயுதம் இருந்தாத்தான் கேஸ் போட முடியும்."

அந்த நொடியில் அது சட்டமாகிவிட்டது. இரண்டு மாடி தாண்டுவதற்குள் குரங்குக்காரர், தன் மேல் வழக்கு வராமல் இருக்கத் தன் கத்தியை ஒரு குரங்கின் கையில் கொடுத்துவிட்டார். இனிக் குரங்கின் மேல் கேஸ் போடலாமா என்று வேறு விவாதம். இதில் ஒரு வரிகூடப் புத்தகத்தில் இல்லை, ஆனாலும் எல்லாரும் அதை மீறாமல் ஆடினார்கள். பார்க்கர் உலக அறிவை ஒருவர் தலையில் வைத்தார். ட்ரோய்கா அதை மேசை முழுக்கப் பங்குபோட்டுவிடுகிறது. வக்கீல் பின்னணி யாருக்கு விழுந்ததோ அவரே அந்த ஊர்ச் சட்டத்துக்கு அதிகாரி. பத்திகள் அவ்வளவு சுருக்கமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். மூன்று பக்கம் எழுதியிருந்தால் வக்கீல் வாய் திறந்திருக்க மாட்டார், பக்கத்தைத் தேடியிருப்பார்.

இந்த ஆட்டத்தின் இன்னொரு ஏற்பாடு சண்டையில். யாருக்கு அடுத்த முறை என்பதை ஒரு பையிலிருந்து காய் எடுத்து முடிவுசெய்ய வேண்டும். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு காய், எதிரிகளுக்கு அவரவர் கணக்கில் சில, கூடவே சுற்று முடிந்தது என்று அறிவிக்கும் ஒரு காய். நாங்கள் சட்டைப் பித்தான்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டோம். சில சுற்றில் ஒருவருக்கே இரண்டு முறை கிடைக்கும். சில சுற்றில் முதலில் கைக்கு வருவதே முடிவுக் காயாக இருக்கும், யாரும் கை ஓங்கியிருக்க மாட்டார்கள். இதைச் சகிக்க முடியாதவர்கள் உண்டு, நியாயமான புகார். ஆனால் பைக்குள் விரல் துழாவும்போது மேசையில் ஏற்படும் மௌனம் வேறெந்த ஆட்டத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அடிக்கிறவரும் அடிவாங்குகிறவரும் சேர்ந்தே பகடை உருட்ட வேண்டும், கூடுதலாக வந்தவர் மற்றவருக்குக் காயம் ஏற்படுத்துவார். வலியப் போய் அடித்தவரே அடிவாங்கித் திரும்பலாம் என்பதால் ஆட்கள் வாளை எடுப்பதற்கு முன் பேச்சுக் கொடுக்கப் பழகிவிடுகிறார்கள். எதிரில் வரும் ஒவ்வொரு பிராணிக்கும் அப்போதைய மனநிலையைச் சொல்லும் ஆறு வரிப் பட்டியல் வேறு இருக்கிறது. பசியோடு வந்ததா, பேச ஆள் தேடி வந்ததா என்று பகடை சொல்லிவிடும். விதி என்று பார்த்தால் மிகச் சின்னது. விசித்திரப் பிராணிக்கும் நமக்கும் பொதுவான ஒன்று மனநிலைதான் என்பதைப் பிடித்த விதி அது. முனகுகிற கதவுக்கும் இதே வழி பொருந்தும்: அது எதனால் ஆனது என்று தெரிய வேண்டாம், இப்போது என்ன மனநிலையில் இருக்கிறது என்று தெரிந்தால் ஆட்டம் நகரும்.

கிறிஸ் மெக்டவல் பிடித்த வழி இன்னொன்று. 2014ல் வந்த அவருடைய 'இன்டு தி ஆட்'டில் அடி குறிதவறுவதே இல்லை. எவ்வளவு காயம் என்பதற்கு மட்டும் பகடை. 2020ல் வந்த 'எலெக்ட்ரிக் பாஸ்டியன்லேண்ட்', மின்சாரம் வந்துவிட்ட, பிதுங்கி வழியும் ஒரு மாநகரம். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தோற்றுப்போன ஏதோவொரு தொழில்காரர். அப்படி நூற்றுக்கு மேற்பட்ட தொழில்கள். குழு மொத்தத்துக்கும் பத்தாயிரம் பவுண்டு கடன். புதையல் தேடிப் போவது வீரத்தால் அல்ல, கடன்காரன் வாசலில் நிற்பதால். உலகம் எவ்வளவு கிறுக்காக இருந்தாலும் கடன் என்றால் எல்லாருக்கும் தெரியும். புரியாத ஊரில் புரிகிற ஒரே ஒரு ஆணியை அடித்து, எல்லாவற்றையும் அதில் மாட்டிவிட்டார் மெக்டவல். இந்த வகையில் இதுவரை எழுதப்பட்டதில் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இது என்பேன்.

'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' ஒரு பக்கத்தில் முடிவதற்கும் இதே கணக்கில் விடை கிடைக்கும். இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை எடுத்துக்கொள்கிறீர்கள்; எந்திர வேலைக்கு அதற்குக் கீழே விழ வேண்டும், மனித உறவு வேலைக்கு மேலே. சரியாக அதே எண் விழுந்தால் நடத்துபவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அவ்வளவு போதுமானதற்குக் காரணம், விண்கலக் கேப்டன் கதையை எல்லாரும் டிவியில் பார்த்துத் தீர்த்திருப்பது. அந்த ஆட்டத்தின் மீதி விதிகள் எல்லாம் தொலைக்காட்சியில் இருக்கின்றன.

மாண்டி குக்கின் 'நியூமினெரா' (2013) குறைந்த விதி என்று சொல்லப்படுவதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எந்தக் காரியத்துக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு கடின எண். அதை மூன்றால் பெருக்கினால் வரும் எண்ணையோ அதற்கு மேலோ இருபதுபக்கப் பகடையில் போட வேண்டும். விதியின் இதயம் இவ்வளவு சின்னதுதான். புத்தகம் நானூறு பக்கத்தைத் தாண்டுகிறது. ஆனாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. நூறு கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய பூமியில், அழிந்துபோன எட்டு நாகரிகங்களின் மிச்சமாகக் கிடைக்கும் 'சைஃபர்' கருவிகள் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். ஒரு முறை மட்டும் என்பதால் நடத்துபவர் எவ்வளவு பயங்கரமான சக்தியையும் துணிந்து கொடுக்கலாம்; ஆட்டம் குலையாது. கருவி எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரிய வேண்டியதும் இல்லை, ஏனென்றால் அது போய்விட்டது.

இந்த ஆட்டங்களின் மேல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் வலுவானது, எல்லாம் நடத்துபவரின் இஷ்டம் ஆகிவிடுகிறது என்பது. விதி பலவீனமானவருக்குப் பாதுகாப்பு. மேசையில் சத்தமாகப் பேசுபவருக்கு விதி தேவைப்படாது, கூச்சப்படுகிறவருக்குத்தான் தேவை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அன்று எங்கள் மேசையிலும் வக்கீலும் குரங்குக்காரரும் ஆட்டத்தை இழுத்துப் போனார்கள். தொலைந்த அரசராக வந்தவர் பாதி நேரம் மிக்சர் தட்டோடுதான் பேசிக்கொண்டிருந்தார். ட்ரோய்கா அவருக்கு ஓர் உரிமையைக் கொடுத்தது, அதைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பத்தைக் கொடுக்கவில்லை. நடத்துபவர்தான் திரும்பிப் பார்த்து, "மகாராஜா, உங்க ஊர்ல லிப்ட் உண்டா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. புத்தகம் இதை எங்கும் சொல்லித்தருவதில்லை.

இன்னொரு குறை நீண்ட ஆட்டத்தில் தெரியும். எல்லாமே விசித்திரமாக இருந்தால் நாலாவது வாரத்தில் எதுவும் விசித்திரமாக இருக்காது. பேசும் குரங்கு, பேசும் கதவு, பேசும் சூப்பு. அடுத்து என்ன, பேசும் ஸ்பூனா என்று ஆட்டக்காரர்கள் கொட்டாவி விட ஆரம்பிப்பார்கள். லூக்கா ரெயெட்ஸின் 'அல்ட்ராவயலெட் கிராஸ்லேண்ட்ஸ்' இதற்கு ஒரு மாற்றைக் காட்டுகிறது. ஊதா நகரத்திலிருந்து கறுப்பு நகரத்துக்கு வணிகக் கூட்டமாக வாரம் வாரமாகப் பயணம். எத்தனை மூட்டைத் தீனி, எந்தச் சரக்கு எங்கே விலைபோகும் என்ற கணக்கு. வழியில் வருவதெல்லாம் கனவு மாதிரி இருக்கும், மூட்டைக் கணக்கு மட்டும் கறாராக இருக்கும். விதி எங்கே இருக்க வேண்டும் என்பதை மாற்றி வைத்திருக்கிறார்: விசித்திரத்துக்கு விதி இல்லை, வயிற்றுக்கு உண்டு. பார்க்கரின் மேசை பல பத்தாண்டுகள் ஓடியது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள், பாத்திரங்கள் பதவி உயர்ந்து அரண்மனை வரை போயின. ட்ரோய்கா ஒரு மேசையில் அத்தனை காலம் ஓடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேர் கிடைத்தால், ஹோட்டல் ஆறாவது மாடி வரைக்கும் அது தாராளமாக ஓடும்.